ஏதேன் தோட்டத்திலும் தனிமை இருந்தது



திருவிவிலியத்தின் முதல் ஏட்டைத் திறப்போர் அங்கே மீண்டும் மீண்டும் ஒலிக்கின்ற ஒரு சொல்லைக் கவனிக்காதிருக்க இயலாது. ஒளியைப் படைத்த இறைவன் அதை நல்லதெனக் கண்டார். நிலத்தையும் கடலையும், செடிகொடிகளையும், பறவைகளையும் விலங்குகளையும் நல்லவையெனக் கண்டார். இவ்வாறு தம் கைவேலை அனைத்திலும் நிறைவு கண்ட இறைவன், தொடக்கநூலின் இரண்டாம் அதிகாரத்தில் முதன்முறையாக ஒன்றைப் பார்த்து, இது நன்றாக இல்லை என்கிறார். எதைப் பார்த்து? பாவத்தைப் பார்த்தா? இல்லை. பாம்பு இன்னும் பேசவில்லை. விலக்கப்பட்ட கனியை எவரும் தொடவில்லை. துணையின்றி ஒற்றையாய் நின்ற மனிதனைப் பார்த்தே இறைவன் அவ்வாறு கூறினார்.

இதிலுள்ள ஆழத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். அந்த மனிதனுக்கு உணவும் நீரும் நிழலும் இருந்தன. இறைவனின் அருகாமையும் இருந்தது. எனினும், ‘நானே உன்னோடு இருக்கையில் உனக்கு வேறு துணை எதற்கு?’ என்று இறைவன் அவனிடம் கேட்கவில்லை. அவனது விலாவிலிருந்தே அவனுக்கு ஏற்ற துணையை உருவாக்கி, அவன்முன் கொண்டுவந்து நிறுத்தினார். மனித உள்ளத்தில் மனிதரால் மட்டுமே நிரப்பப்படக்கூடிய ஓர் இடத்தை அவரே அமைத்திருந்தார். ஆகவே துணைக்காக ஏங்குவது விசுவாசக் குறைவன்று. அது படைத்தவர் நம்மில் பதித்துவைத்த ஏக்கம்.

இவ்வுண்மையை நாம் திருமணத் திருப்பலியில் மகிழ்வோடு வாசிக்கின்றோம். ஆனால், வாழ்க்கையின் நடுவழியில் துணையை இழந்தவர்கள் முன்னிலையில் ஏனோ மறந்துவிடுகின்றோம்.

வாவிக்கு அப்பால்

மட்டக்களப்பு நகரிலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்து சென்றால் வவுணதீவு. வாவிக்குக் கிழக்கே கதிரவன் எழும் கரையை எழுவான்கரை என்றும், மேற்கே அவன் மறையும் கரையைப் படுவான்கரை என்றும் நம் முன்னோர் அழகாகப் பெயரிட்டனர். அந்தப் படுவான்கரையின் வாசல்களுள் ஒன்று வவுணதீவு. ஆயித்தியமலை அன்னையின் திருத்தலத்துக்குக் கால்நடையாகச் செல்லும் பத்தர்கள் செபமாலை சொல்லிக்கொண்டு இவ்வழியே நடப்பர். வயல்களும் குளங்களும் மேய்ச்சல் தரைகளுமாகக் கண்ணுக்கு இனிய நிலம் இது.

ஆனால் இந்நிலம் கண்ட துயரங்கள் எளிதில் எண்ணி முடிக்கத்தக்கவை அல்ல. 1990 செப்டெம்பர் 5 அன்று, வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தவர்களுள் 158 பேர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்கள் திரும்பவே இல்லை. 2007 மார்ச் மாதத்தில் எறிகணைகள் விழுந்துகொண்டிருக்கப் படுவான்கரை மக்கள் பல்லாயிரம் பேர் வீடுவாசல்களை விட்டு வாவிக்கு இப்பால் ஓடிவந்தனர். இவ்விரு ஆண்டுகளுக்கு இடையிலும் முன்பும் கொல்லப்பட்டவர்களும் காணாமற்போனவர்களும் எத்தனையோ பேர்.

யுத்தம் முடிந்த மறுஆண்டில், 2010இல், வடக்கிலும் கிழக்கிலுமாக யுத்தத்தால் கணவரை இழந்த பெண்கள் 89,000 பேர் உள்ளனர் என அரசாங்கத்தின் சார்பில் அறிவிக்கப்பட்டது. அவர்களுள் 49,000 பேர் கிழக்கு மாகாணத்தவர். 12,000 பேர் 40 வயதுக்கும் குறைந்தவர்கள். அந்த இளம் பெண்களெல்லாம் இன்று நடுவயதைக் கடந்துகொண்டிருக்கிறார்கள். 1990இல் இருபது வயதில் கணவனைப் பறிகொடுத்தவளின் தலை இன்று நரைத்துவிட்டது.

அவர்களுக்கு நாம் ஒன்றும் செய்யவில்லையா? செய்தோம். அரசும் தொண்டு நிறுவனங்களும் திருச்சபையும் தையல் இயந்திரம் கொடுத்தன. கோழிக்குஞ்சுகளும் ஆடுகளும் கொடுத்தன. வீடு கட்ட உதவி வழங்கின. சுயதொழிலுக்குக் கடன் வழங்கின. ‘பெண் தலைமைத்துவக் குடும்பம்’ என ஒரு பெயரும் வழங்கின. இவையெல்லாம் தேவையானவையே. ஆனால், ‘அம்மா, இரவில் நீ யாரோடு பேசுகிறாய்?’ என்று எந்த விண்ணப்பப் படிவமும் அவளிடம் கேட்டதில்லை. பிள்ளைகள் உறங்கியபின், காட்டு யானை வேலியை நெருங்கும் ஓசைக்குக் காதைத் தீட்டியபடி விழித்திருப்பவளுக்கு எழுந்து பார்க்கவும், அச்சத்தைப் பகிர்ந்துகொள்ளவும், ‘பயப்படாதே’ எனத் தோள்தொட்டுச் சொல்லவும் ஒருவர் இல்லை. இக்குறையைத் தையல் இயந்திரம் தீர்க்குமா?

உடலும் இறைவனின் கொடையே

இங்கே நாம் பேசத் தயங்குகின்ற ஒன்றைப் பேசியாக வேண்டும். துணைக்கான ஏக்கம் என்பது பேச்சுத்துணைக்கான ஏக்கம் மட்டுமன்று. அன்போடு தொடப்படவும், ஒருவரால் விரும்பப்படவும், ஒருவரோடு உடலாலும் உள்ளத்தாலும் ஒன்றித்து வாழவும் மனிதர் ஏங்குகின்றனர். கணவன் இறந்த அன்றே மனைவியின் உடலிலுள்ள இந்த ஏக்கமும் இறந்துவிடுவதில்லை. தாலியைக் கழற்றுகிறோம், இயல்பைக் கழற்ற இயலுமா?

‘சுவாமி, மணமாகாத நீங்கள் இதைப்பற்றி எழுதலாமா?’ எனச் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். குருத்துவத்தில் துறவை விரும்பி ஏற்ற எங்களுக்கும் மாலை வேளைகள் உண்டு. திருவிழா முடிந்து கூட்டம் கலைந்தபின் வெறுமையாய்க் கிடக்கும் பங்குமனையை ஒவ்வொரு குருவும் அறிவார். ஆனால் எங்களுக்கும் படுவான்கரைப் பெண்ணுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. எங்கள் தனிமையை நாங்கள் பல ஆண்டுகள் சிந்தித்துத் தேர்ந்துகொண்டோம். அவளது தனிமையை ஒரு துப்பாக்கி தேர்ந்தது. பிறகு ஊர் அதைச் சட்டமாக்கியது. விரும்பி ஏற்காத துறவை ஒருவர்மீது சுமத்த எவருக்கும் உரிமை இல்லை.

திருச்சபை உடலை இழிவாகக் கருதுகிறது என்று எண்ணுவோர் பலர். திருவிவிலியமோ ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் நாடித் தவிக்கும் காதலைப் பாடும் இனிமைமிகு பாடல் என்னும் நூலைத் தன் நடுவில் வைத்துப் போற்றுகின்றது. திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் ஏழாம் அதிகாரத்தில், கணவனின் உடல்மீது மனைவிக்கும் மனைவியின் உடல்மீது கணவனுக்கும் உரிமை உண்டெனச் சமமாக எடுத்துரைக்கின்றார். திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் 2005இல் எழுதிய தமது முதல் சுற்றுமடல் முழுவதையும் அன்பைப் பற்றியதாகவே அமைத்தார். ஆண் பெண் ஈர்ப்புக்கும் தன்னை வழங்கும் தியாக அன்புக்கும் உள்ள உறவை அதிலே விளக்கினார். திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் குடும்ப அன்பைப்பற்றி வெளியிட்ட திருத்தூது ஊக்கவுரையில், பாலுணர்வு இறைவன் தம் மக்களுக்கு அளித்த வியத்தகு கொடை எனத் தெளிவுபடுத்தினார்.

நெருப்பு நல்லதே, ஆனால் அது அடுப்பில் எரிய வேண்டும். அவ்வாறே இந்த ஏக்கமும் நல்லது. நம்பிக்கைக்குரிய உறவு என்னும் அடுப்பு அதற்கு வேண்டும். அடுப்பே வைக்கவிடாது தடுத்துவிட்டு, ‘ஏன் கூரை பற்றியது?’ எனக் கேட்கும் ஊராக நாம் இருக்கலாமா?

ஊரின் இரண்டு அளவுகோல்கள்

2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை நம் கரையோரத்தை அழித்தபோது மாண்டவர்களுள் பெண்களும் சிறுவர்களுமே மிகுதி. மனைவியை இழந்த ஆண்கள் பலர் நின்றனர். அவர்களுக்கு என்ன செய்தோம்? ‘பாவம், சமைத்துப்போட ஆளில்லை, பிள்ளைகளைப் பார்க்க ஒருத்தி வேண்டும்’ என உறவினர் கூடிப் பேசினர். ஆண்டு திரும்புமுன் மறுமணம் செய்தவர்களும் உண்டு. அதை எவரும் குறைகூறவில்லை, குறைகூறவும் தேவையில்லை. ஆனால் அதே ஊரில், கணவனை இழந்த பெண் ஒருத்தி புதுச் சேலை உடுத்தால், ‘யாருக்காக?’ என்று கேட்டோம். கைத்தொலைபேசியில் சற்று அதிகமாகச் சிரித்துப் பேசினால் கதை கட்டினோம். மறுமணம் என்றால், ‘வளர்ந்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதென்ன ஆசை?’ என்றோம்.

எங்கள் மண்ணின் வழக்கொன்று எப்போதும் என்னைச் சிந்திக்க வைக்கும். மட்டக்களப்பின் ஊர்கள் பலவற்றில் நம் இந்துச் சகோதரர்கள் கண்ணகி அம்மனைப் பெரும் பத்தியோடு போற்றுகின்றனர். வைகாசிச் சடங்கில் ஊரே திரண்டு, கணவனை இழந்த அவளது கொதிப்பைக் குளிர்விக்கின்றது. கணவனை அநீதியால் இழந்த ஒருத்தியின் துயரத்துக்கு இவ்வளவு மதிப்பளிக்கும் மண் இது. அதே மண்ணில், அயல்வீட்டுக் கைம்பெண் மணவறைப் பக்கம் வரலாகாது என்று விலக்குவது எவ்வளவு பெரிய முரண்! கிறிஸ்தவர்களாகிய நாமும் இதற்கு விலக்கல்ல. ஆலயத்தில் ஒரே பந்தியில் நற்கருணை உண்கிறோம். வீட்டுக்கு வந்தால், மணமகளுக்குப் பூவைக்க அவளை அழைக்கத் தயங்குகிறோம்.

இதன் விளைவு என்ன? ஊருக்கு அஞ்சி ஏக்கத்தை மறைத்தவள், மறைவாகவே அன்பைத் தேடுகின்றாள். மறைவில் வருபவன் பெரும்பாலும் நல்லவனாக இருப்பதில்லை. ஏற்கெனவே மணமானவன், வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு தொலைபேசியில் உருகுபவன், வீட்டையும் நகையையும் குறிவைப்பவன் எனப் பலர் அந்த இருட்டில் காத்திருக்கின்றனர். ஏமாந்தபின் அவள் அழவும் இடமில்லை. ஏனெனில் அழுதால் ஊருக்குத் தெரிந்துவிடும். இது ஒருத்தியின் கதை அன்று. பல பங்குகளில் பல குருக்கள் கண்ணால் கண்ட நிலை.

சமாரியாவின் கிணற்றடியில், உச்சி வெயிலில், தனியே தண்ணீர் மொள்ள வந்த பெண்ணை நினைவில் கொள்ளுங்கள். ஐந்து கணவர்களைக் கண்டவள் அவள். அப்போது அவளோடிருந்தவனோ கணவன் அல்லன். இயேசு இவை அனைத்தையும் அறிந்திருந்தார். அறிந்துகொண்டே அவளிடம் தண்ணீர் கேட்டார், நெடுநேரம் உரையாடினார். யோவான் நற்செய்தியில் இயேசு தனியொருவரோடு நிகழ்த்தும் நீண்ட உரையாடல்களுள் இதுவும் ஒன்று. உண்மையை அவர் மறைக்கவில்லை, அவளையும் விலக்கவில்லை. நாமோ உண்மை தெரியுமுன்பே விலக்கிவிடுகின்றோம்.

நகோமி என்னும் மாமியார்

மறுமணத்தைப் பற்றிப் பேசும்போது ரூத்து நூலைப் போல் ஆறுதல் தருவது வேறில்லை. நகோமி தன் கணவனையும் இரு மகன்களையும் இழந்தவள். எனினும் தன் மருமக்களை நோக்கி, என் மகனின் நினைவிலேயே உருகிக் கிடவுங்கள் என அவள் சொல்லவில்லை. மீண்டும் மணம்புரிந்து நிம்மதி பெறுங்கள் என வாழ்த்தி அனுப்ப முயன்றாள். பிரிய மறுத்துத் தன்னோடு வந்த ரூத்துக்காக, போவாசு என்னும் நல்ல மனிதரைத் தேர்ந்து வழிகாட்டியவளும் அவளே. ரூத்துக்கும் போவாசுக்கும் பிறந்த ஓபேதின் வழியில் தாவீது அரசர் தோன்றினார். அவ்வழியில் நம் ஆண்டவரும் வந்தார். ஒரு கைம்பெண்ணின் மறுமணம் மீட்பின் வரலாற்றில் இடம்பெற்றிருக்கின்றது! இன்று நம் ஊர்களுக்குத் தேவைப்படுவோர் நகோமியைப் போன்ற மாமியார்களே.

திருச்சபையின் ஒழுங்கும் தெளிவானது. மரணத்தோடு திருமண உறவு முடிகின்றது. உயிரோடிருப்பவர் மறுமணத்துக்கு முழு உரிமை உடையவர். கைம்பெண்ணாகவே இருப்பது சிறந்தது எனத் தம் கருத்தைக் கூறும் பவுலும், அவள் விரும்பியவரை ஆண்டவருக்குள் மணந்துகொள்ளத் தடையில்லை என்கிறார். இளம் கைம்பெண்கள் மணம்புரிய வேண்டுமெனத் திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகமும் அறிவுறுத்துகின்றது.

ஆனால் கணவன் இறந்தானா, இருக்கிறானா எனத் தெரியாதவளின் நிலை என்ன? காணாமற்போனோரின் மனைவியரே நம் நடுவில் மிகக் கொடிய தனிமையை அனுபவிப்பவர்கள். பொட்டு வைத்தாலும் குற்றம், வைக்காவிட்டாலும் குற்றம். 2016இன் சட்டத் திருத்தத்தின்படி, காணாமற்போனவர் குறித்து, அவர் காணக்கிடைக்கவில்லை என்பதைக் கூறும் சான்றிதழைக் குடும்பத்தினர் பெறலாம். அது மரணச் சான்றிதழ் அன்று. திருச்சபைச் சட்டத்தின் 1707ஆம் எண், மரணத்தை ஆவணத்தால் நிறுவ இயலாதபோது ஆயர் விசாரணை நடத்தி, சாட்சிகளையும் சான்றுகளையும் ஆராய்ந்து, இறந்ததாகக் கருதலாம் என அறிவிக்க வழிசெய்கின்றது. நெடுங்காலம் காணவில்லை என்பது மட்டும் அதற்குப் போதாது. இவ்வழி இருப்பதையே அறியாத பெண்கள் பலர். விரும்புவோர் தயங்காது தங்கள் பங்குக்குருவை நாடலாம். அதேவேளை, ‘அவர் வருவார்’ எனக் காத்திருக்கும் பெண்ணை, ‘இறந்துவிட்டார், எழுதிக்கொடு’ என எவரும் வற்புறுத்தலாகாது. காத்திருப்பதும் அவளது உரிமை; புதுவாழ்வு தொடங்குவதும் அவளது உரிமை.

மறுமணத்தை வாழ்த்தும்போது கவனத்தையும் கைவிடலாகாது. நம் மட்டக்களப்பு வழக்கில் வீடு பெண்ணுக்குரியது. மணமகனே அவள் வீட்டுக்கு வருகின்றான். ஆகவே வருபவன் பிள்ளைகளின் வீட்டுக்குள் வருகின்றான். குறிப்பாகப் பெண்பிள்ளைகளின் பாதுகாப்பு எல்லாவற்றிலும் முதன்மையானது. வருபவனின் குணம், குடிப்பழக்கம், முன்னைய திருமணம் ஆகியவற்றைத் தீர விசாரியுங்கள். பிள்ளைகளுக்கு மறைக்காதீர்கள்; அவர்களின் அச்சத்தைப் பொறுமையோடு கேளுங்கள். மகளுக்கென வைத்த வீட்டையும் காணியையும்பற்றி முன்னதாகவே தெளிவாகப் பேசி எழுதிக்கொள்ளுங்கள். உறவினர் துணைநின்றால்தான் இவற்றையெல்லாம் வெளிச்சத்தில் செய்ய இயலும். எதிர்த்து நிற்கும் உறவினர், அவளை விசாரணையற்ற இருட்டுக்கே தள்ளுகின்றனர்.

மறுமணம் இல்லாதவர்களுக்கு

எல்லோரும் மறுமணம் செய்யப்போவதில்லை. விரும்பாதவர் உண்டு, விரும்பியும் அமையாதவர் உண்டு. வயது கடந்தும் மணமாகாதிருப்போர் உண்டு. மனைவி மத்திய கிழக்கில் பணிப்பெண்ணாக உழைக்க, இங்கே ஆண்டுக்கணக்கில் தனித்திருக்கும் கணவரும் உண்டு. அங்கே அந்நியர் வீட்டில் கண்ணீரோடு உறங்கும் அந்த மனைவியும் உண்டு. இவர்களுக்கு நற்செய்தி என்ன?

நம் ஆண்டவர் மணம்புரியவில்லை. ஆனால் அவர் தனித்து வாழவும் இல்லை. பெத்தானியாவில் மார்த்தா, மரியா, இலாசர் வீட்டை அவர் தம் வீடாகக் கொண்டார். கண்ணீரால் தம் பாதம் கழுவிய பெண்ணின் அன்பை, கண்டோர் முகம்சுளித்தபோதும், தடுக்காது ஏற்றார். கெத்சமனியில் உயிர் வருந்திய இரவில், தம்மோடு விழித்திருக்கும்படி மூன்று நண்பர்களைக் கேட்டார். இறைமகனே ‘என்னோடு இருங்கள்’ எனக் கேட்டாரெனில், நாம் கேட்பதற்கு ஏன் வெட்கப்பட வேண்டும்? மணவாழ்வு தரும் நிறைவை நட்பு அப்படியே தந்துவிடாது. அவ்வாறு சொல்வது பொய்யாகும். எனினும் நட்பு மனிதரை உயிரோடு வைத்திருக்கும்.

இது வெறும் பத்திப் பேச்சன்று. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுகின்றனர் என்றும், தனிமையோடு தொடர்புடைய இறப்புகள் ஆண்டுக்கு 871,000க்கும் அதிகமென மதிப்பிடப்படுகின்றன என்றும் உலக சுகாதார அமைப்பு 2025இல் அறிவித்தது. பிரித்தானியா 2018இலும் யப்பான் 2021இலும் தனிமையைக் கவனிக்க அமைச்சர்களையே நியமித்தன. அங்கெல்லாம் அமைச்சர் செய்ய முயல்வதை, இங்கே ஓர் அயல்வீடு செய்யலாம்.

அன்பானவர்களே, இவ்வாரம் மூன்று காரியங்களைச் செய்வோமா? உங்கள் அயலில் தனித்து வாழும் ஒருவரின் வீட்டுக்கு, உதவிப்பொருள் எதுவும் இன்றி, பேசுவதற்காக மட்டுமே செல்லுங்கள். ஒரு தேநீர் குடிக்கும் நேரம் அமர்ந்திருங்கள். அடுத்து, உங்கள் இல்லத் திருமணத்திலோ புதுமனை புகுவிழாவிலோ ஒரு கைம்பெண்ணை முன்வரிசைக்கு அழைத்து, அவள் கையால் விளக்கேற்றச் செய்யுங்கள். மூன்றாவதாக, அவளைப்பற்றிய கதை உங்கள் காதுக்கு வந்தால், அது உங்கள் வாயோடு நின்றுவிடட்டும்.

தனித்திருக்கும் சகோதரியே, சகோதரனே, உமது ஏக்கத்துக்காக வெட்கப்படாதீர். அது பாவத்துக்கு முன்பே பிறந்தது. ஏதேனில் அதை முதலில் கண்டவர் இறைவன். அதற்காக முதலில் இரங்கியவரும் அவரே.

செபிப்போம்: மனிதருக்குத் துணை தேவையென அறிந்த இறைவா, வாவியின் இரு கரைகளிலும் இன்றிரவு விழித்திருக்கும் உள்ளங்களை நினைவுகூரும். துணை தேடுவோருக்கு நல்ல துணையைக் காட்டும். காத்திருப்போருக்கு உண்மையைத் தாரும். தனித்திருப்போரின் கதவைத் தட்டும் கைகளாக எங்களை ஆக்கியருளும். ஆமென்.